மன்மாட்டில் அவர் பேசியது

ஆண்டுதோறும் டிசம்பர் 6 ஆம் நாள் தாதர் ரயில் நிலையம் மக்கள் வெள்ளத்தால் நிரம்புவதை நம் அன்பர்கள் யாவரும் அறிவர். சைத்தியபூமிக்கு வரும் அம்மக்களுக்கென ரயில்வே தனி வண்டிகளும் விடுகின்றது. 1956 இல் மறைந்த டாக்டர் அம்பேத்கரை அரசியல் சட்டம் வகுத்த மேதை என்று போற்றுகின்றோம். (இப்பம்பாய் நகரே 1952 தேர்தலில் அவரைத் தோற்கடித்தது என்பது வேறு கதை.) ஆயினும், ரயில்வேயை நம்பி வாழும் குடும்பங்கள் அறிய வேண்டிய சொற்பொழிவு ஒன்றுண்டு; அதனைப் பலர் அறியார்.

1938 பிப்ரவரியில், இன்றைய மத்திய ரயில்வேக்கு முன்னோடியான ஜி.ஐ.பி. ரயில்வேயின் தாழ்த்தப்பட்ட வகுப்புத் தொழிலாளர் மாநாடு மன்மாட்டில் கூடிற்று. அங்கே அவர் சாதிக் கொடுமையைப் பொதுப்படப் பேசி அமையவில்லை. எவருக்கு எந்த வேலை கிடைக்கின்றது என்று கணக்குப் பார்த்தார். தீண்டப்படாதார் கேங்மேனாகச் சேர்ந்து கேங்மேனாகவே காலம் கழிக்கின்றனர். போர்ட்டர் வேலையும் அவர்களுக்கு அரிது. ஏனெனில், போர்ட்டர் ஸ்டேஷன் மாஸ்டர் வீட்டிலும் ஏவல் செய்தாக வேண்டும். அவ்வீட்டில் இவர்களுக்கு இடமேது? தொழிலாளர்க்குப் பிராமணியம், முதலாளித்துவம் என இரு பகைவர் உளர் என்றதும் அம்மேடையிலேதான். பிராமணியம் என்றது ஒரு குலத்தாரை அன்று, சுதந்திரத்தையும் சமத்துவத்தையும் சகோதரத்துவத்தையும் மறுக்கும் மனப்பான்மையையே என்றும் அவரே விளக்கினார். மாதுங்கா அன்பர்கள் இதனைக் கருதுவார்களாக.

மெக்சிகோ நாட்டிலும் இத்தகைய தலைவர் ஒருவர் இருந்தார். பெனிட்டோ ஹுவாரெஸ் 1806 இல் சபோட்டெக் பழங்குடியிற் பிறந்து, வழக்கறிஞராகி, நாட்டின் தலைவராகவும் உயர்ந்தவர். பாதிரிமாருக்கும் படையினருக்கும் சிவில் வழக்குகளில் இருந்த தனி நீதிமன்ற உரிமையை 1855 இல் அவர் இயற்றிய சட்டம் நீக்கிற்று. இருவரும் சலுகையின் வேரைச் சட்டத்தால் அறுக்க முனைந்தனர். நம் நாட்டில் 1950 இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 16 ஆவது பிரிவு, அரசுப் பணியில் யாவர்க்கும் சம வாய்ப்பு என்றது; பின்தங்கியோர்க்கு இடஒதுக்கீடு செய்யவும் வழி வகுத்தது.

எழுத்தில் வந்த உரிமை வீட்டு வாசலுக்கு வர எத்தனை காலம் பிடிக்கின்றது! நம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து தாராவித் தோல் கிடங்கிற்கு வந்தவர். தந்தையார் கேங்மேனாகச் சேர்ந்து, முப்பத்தோராண்டு சம்மட்டி பிடித்து, கேங்மேனாகவே ஓய்வு பெற்றார். இலாகாத் தேர்வு எழுதினால் எழுத்தராகலாம் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்வார் ஒருவருமில்லை. மெட்ரிகுலேஷன் மட்டுமே தேறிய நாமும் தண்டவாளத்திலேதான் தொடங்கினோம். உடன் பணியாற்றிய மராத்திய நண்பர் ஒருவர் விண்ணப்பத் தாளைக் கையிற் கொடுத்து எழுதச் செய்திராவிடில், இன்றும் அங்கேயே இருந்திருப்போம்.

இவ்வாண்டுத் தேர்வுக்கான அறிவிப்பு வந்துள்ளது. தாராவியிலும் செம்பூரிலும் கேங்மேன்களாக உள்ள நம் இளைஞருள் எத்தனை பேர் அதனைக் கண்டனர் என்று விசாரித்தோம், பதினொருவரில் இருவர். மற்ற ஒன்பதின்மரும் வரும் ஞாயிறு மாலை நம் இல்லத்திற்கு வருகின்றனர்.