வீட்டிலிருந்தபடி பார்த்த வீடுகள்

கடந்த இரண்டு மாதங்களாகச் சனிக்கிழமை மாலைகளில் நாங்கள் பார்த்துவந்த படங்கள் எல்லாமே ஏதோ ஒரு விதத்தில் வீடு பற்றியவையாக அமைந்துவிட்டன. திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தோம் என்று சொல்ல முடியாது. முழுக்கத் தற்செயல் என்றும் சொல்வதற்கில்லை. செம்பாக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் வீட்டை இடித்துவிட்டு அடுக்ககம் எழுப்பலாம், ஆளுக்குப் பாதி என்று ஒரு கட்டுமானக்காரர் சில மாதங்களாக வந்து போய்க்கொண்டிருக்கிறார். ஒப்பந்த வரைவு மேஜையின்மேல் கிடக்கிறது. அப்படியொரு காகிதம் வீட்டில் இருக்கையில் மனம் எந்தப் படத்தைத் தேடிப் போகும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இவை விமரிசனங்கள் அல்ல. சாய்வு நாற்காலியிலும் தரையிலுமாக அமர்ந்து, நடுவே குக்கரின் விசிலை எண்ணிக்கொண்டும் மோட்டார் போட எழுந்து சென்றும் பார்த்தவர்களின் அபிப்பிராயங்கள் மட்டுமே. நாங்கள் என்பது கணவன் மனைவி இருவர். மூன்றாவது பார்வையாளர் 83 வயதாகும் அப்பா. எங்களில் ஒருவருக்குத் தகப்பனார், மற்றவருக்கு மாமனார். ஆனால் இருவரும் அப்பா என்றே அழைக்கிறோம். வீடு அவர் பெயரில் இருக்கிறது. வரைவில் அவர் இன்னும் கையொப்பமிடவில்லை. மறுக்கவும் இல்லை.

முதலில் பார்த்தது பாலு மகேந்திராவின் 'வீடு' (1988). எப்போதோ பார்த்ததுதான் என்றாலும் காட்சிகள் நினைவில் கலைந்துபோயிருந்தன. இப்போது பார்க்கக் கிடைத்ததும் மங்கலான பிரதிதான். இப்படத்தின் நெகடிவ் அழிந்துபோனதைப் பற்றி 2014இல் மறைந்த பாலு மகேந்திரா தம் இறுதிக் காலத்தில் வருத்தத்துடன் பேசியிருக்கிறார். ஒரு வீடு எழும்புவதை அவ்வளவு பொறுமையாகப் பதிவுசெய்த படத்துக்கு நேர்ந்த கதி இது.

கதை அனைவரும் அறிந்ததே. குடியிருக்கும் வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய நெருக்கடி; அலுவலகத்துக்குச் சென்றுவரும் சுதா, அவள் தங்கை, ஓய்வுபெற்ற பாட்டு வாத்தியாரான தாத்தா. தாத்தாவுக்கு வளசரவாக்கத்தில் இரண்டு மனைகள். ஒன்றை விற்று மற்றொன்றில் கட்டத் தொடங்குகிறார்கள். மற்ற படங்களில் ஒரு பாட்டுக்குள் முடிந்துவிடும் சமாசாரம் இங்கே படம் முழுக்க நீள்கிறது. கடைக்கால், செங்கல், மணல், மழை, கடன், மேலும் கடன். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பிலிருந்து எடுத்தாளப்பட்ட இசை அவ்வப்போது வந்து போகிறதே தவிர, எதையும் ஊதிப் பெரிதாக்குவதில்லை. அர்ச்சனாவுக்குத் தேசிய விருது பெற்றுத்தந்த நடிப்பு. கணக்குப் போடும்போது அந்த முகத்தில் தெரியும் களைப்பைத் தமிழ் சினிமாவில் வேறெங்கும் கண்டதாக எங்களுக்கு நினைவில்லை.

மங்கம்மா என்கிற சித்தாள் மூலம் கான்ட்ராக்டரின் சிமென்ட் திருட்டு வெளிப்படும் கட்டம் வந்தபோது அப்பா படத்தை நிறுத்தச் சொன்னார். அவர் இந்த வீட்டைக் கட்டியது 1986-88இல். திரையில் சுதா வீடு கட்டிய அதே காலம். 1982இல் சிமென்ட் கட்டுப்பாடு ஓரளவுக்குத் தளர்த்தப்பட்டது. முழுவதும் நீங்கியது 1989இல்தான். இடைப்பட்ட ஆண்டுகளில் லெவி சிமென்ட் ஒரு விலை, வெளிச்சந்தை சிமென்ட் வேறு விலை. மூட்டை என்பது பணத்துக்குச் சமானம். "மூட்டையை எண்ணிப் பிரயோசனமில்லைம்மா. காலிச் சாக்கை எண்ணணும். சாக்கு கணக்குக்கு வரலேன்னா சிமென்ட் வேற எங்கேயோ போயிருக்குன்னு அர்த்தம்" என்றார். ஆறு மாதம் இரவுகளில் கீற்றுக் கொட்டகைக்குள் கயிற்றுக் கட்டில் போட்டுக் காவலுக்குப் படுத்திருக்கிறார். காலையில் எழுந்து தாம்பரம் வந்து கடற்கரைக்குப் போகும் மீட்டர் கேஜ் மின்ரயிலைப் பிடித்து அலுவலகம். சாயங்காலம் திரும்பியதும் தளத்துக்குத் தண்ணீர் கட்டும் வேலை. இவற்றையெல்லாம் சொல்லிவிட்டுத் தம் அறைக்குள் போய் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்தார். பிள்ளையார் சுழிக்குக் கீழே தேதிவாரியாகச் சாக்குகள், மணல் லோடுகள், கொத்தனார் கூலி, சென்ட்ரிங் ஆட்களுக்கு வாங்கிக்கொடுத்த டீ. இத்தனை வருடங்களில் இப்படியொரு நோட்டு இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

படத்தின் முடிவு குறித்து எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கட்டி வரும் மனை ஏற்கெனவே குடிநீர் வாரியம் கையகப்படுத்திய நிலம் என்று தெரியவருவது, ஏற்கெனவே வதைபட்டவள்மேல் கதாசிரியர் வலிந்து சுமத்தும் பாரம் என்பது எங்களில் ஒருவரது கட்சி. மற்றவர் ஒப்பவில்லை. தாம்பரத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அதில் மிகையேதும் தென்படாது. சேலையூர், செம்பாக்கம், சிட்லபாக்கம், பீர்க்கன்கரணை எல்லாமே ஏரியை ஒட்டி வளர்ந்த ஊர்கள். எந்த மனை வாய்க்காலில் இருந்தது, எந்தத் தெரு கலங்கலில் இருக்கிறது என்பதைப் பத்திரம் சொல்லாவிட்டாலும் மழை சொல்லிவிடும். 2015 டிசம்பரில் முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோது அதைத்தான் சொல்லிற்று. அந்த வாரம் எங்கள் வாசலில் இரண்டாம் படிவரை தண்ணீர் நின்றது. மூன்றாவது படியை அப்பா 1987இல் மேஸ்திரியுடன் சண்டையிட்டுப் போடவைத்ததாக நோட்டில் குறிப்பு இருக்கிறது.

அடுத்த சனிக்கிழமை செழியனின் 'டு லெட்'. 2017இல் எடுக்கப்பட்டு, தேசிய விருது பெற்று, 2019இல் திரைக்கு வந்தது. கதை நிகழும் காலம் 2007. மென்பொருள் நிறுவனங்களின் வரவால் சென்னையின் வாடகை ஏறிக்கொண்டிருந்த நேரம். சினிமாவில் வேலை தேடும் கணவன், மனைவி, சின்னப் பையன். ஒரு மாதத்துக்குள் காலி செய்ய வேண்டும். வீடு பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் ஜாதி, சாப்பாடு, தொழில் என்று கேள்விகள். இக்கேள்விகளைச் செழியன் எங்கும் அடிக்கோடிட்டுக் காட்டவில்லை. கேட்பவர்கள் கொடியவர்களாகவும் இல்லை. காய்கறி விலை கேட்பதுபோலக் கேட்கிறார்கள். எங்களுக்குப் பிடித்திருந்தது குடியிருக்கும்போதே அந்நியர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்துப் போகும் பகுதி. வாடகைக்கு இருப்பது என்றால் என்ன என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை.

இப்படத்துக்குப் பின்னணி இசை கிடையாது. அரங்கில் அது எப்படி இருந்திருக்குமோ, வீட்டில் பார்க்கையில் ஒரு விசித்திரம் நடந்தது. திரையில் கேட்கும் தெருச் சத்தமும் எங்கள் தெருச் சத்தமும் பிரித்தறிய முடியாதபடி கலந்துவிட்டன. கோலமாவு விற்பவர் குரல் படத்தில் வந்ததா வாசலில் வந்ததா என்று ஒருவர் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டியிருந்தது. (வாசலில்தான்.) அப்பா இப்படத்தின்போது அதிகம் பேசவில்லை. மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவர்களிடம் அடுக்கக விஷயத்தைச் சொல்லியாயிற்றா என்று மட்டும் இறுதியில் கேட்டார். ஒப்பந்தம் உறுதியான பின்பு சொல்லலாம் என்றோம். "அவங்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பையன் இருக்கான். ஜூன் மாசத்துக்கு முன்னாடி தெரியணும்" என்றார். மறுநாள் காலையில் நாங்கள் மாடியேறிச் சொல்லிவிட்டு வந்தோம். அந்தப் பெண் காபி போட்டுக் கொடுத்தாள், எதுவும் கேட்கவில்லை.

ஸ்ரீகணேஷ் இயக்கிய '3 பிஎச்கே' 2025இல் வெளிவந்தது. அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையை அடிப்படையாகக் கொண்டது. சொந்த வீட்டுக்காகச் சேர்க்கும் பணம் ஒவ்வொரு முறையும் மகனின் படிப்பு, மருத்துவச் செலவு, மகளின் கல்யாணம் என்று போய்விடுகிற குடும்பம். இருபது வருடக் கதை. சரத்குமாரும் தேவயானியும் கண்ணியமாக நடித்திருக்கிறார்கள். நல்ல படம் என்றே சொல்ல வேண்டும். பார்க்கும்போது கண் கலங்கவும் செய்தது. ஆனால் மறுநாள் யோசித்தபோது ஒன்று உறுத்தியது. 'வீடு' படத்தில் வீடு என்பது செங்கல், மணல், ஒரு பெண்ணின் கால்வலி. இங்கே அது முழுக்க ஓர் இலட்சியமாகிவிட்டது. யார் கட்டுகிறார்கள், எந்த நிலத்தில் என்பது தெரிவதில்லை. சாவி மட்டும் தெரிகிறது. முப்பத்தேழு ஆண்டுகளில் நடுத்தர வர்க்கம் வீட்டைக் கட்டுவதிலிருந்து வாங்குவதற்கு நகர்ந்துவிட்டதை இவ்விரு படங்களையும் அடுத்தடுத்துப் பார்த்தால் உணரலாம். இது இயக்குநரின் குறையில்லை. வேளச்சேரி சாலையில் மாலை நேரம் நடந்தால், இருபுறமும் விளம்பரப் பலகைகளில் அப்படித்தான் எழுதியிருக்கிறது.

இடையில் ஒரு வாரம் டி சிகாவின் 'இல் தெத்தோ' (1956). கூரை என்று பொருள். ரோம் நகரின் ஓரத்தில் புறம்போக்கில் ஓர் இரவுக்குள் சுவரெழுப்பிக் கூரையும் கதவும் போட்டுவிட்டால் காவல்துறை இடிக்க முடியாது; ஆகவே இளம் கொத்தன் ஒருவன் மனைவியுடனும் நண்பர்களுடனும் விடிவதற்குள் ஓர் அறையைக் கட்டி முடிக்கப் போராடுகிறான். 'சைக்கிள் திருடர்கள்' அளவுக்குப் பேசப்படாத படம். கடைசி அரைமணி நேரம் கிரிக்கெட் ஆட்டம்போல் போனது. அப்பா உட்கார்ந்த இடத்திலிருந்து, சாரம் கட்டின விதம் தப்பு என்று இத்தாலியர்களைத் திட்டிக்கொண்டிருந்தார். லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை' பற்றித் தனியாகவே எழுத வேண்டும். நிலம் வாங்க நினைத்தவன் அந்த நிலத்துக்கே காவல்காரனாக அமர்ந்திருக்கும் முடிவை ஓரிரு வரிகளில் தாண்டிப்போக மனம் வரவில்லை.

பட்டியலில் மீதமிருந்தது 'சந்தியா ராகம்'. 'வீடு' படத்துக்கு அடுத்து பாலு மகேந்திரா எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அதே சொக்கலிங்க பாகவதர்தான். கிராமத்திலிருந்து சென்னைக்கு, தம்பி மகன் வீட்டுக்கு வந்து சேரும் முதியவர். சிறிய வீடு, சிறிய வருமானம். ஓவியர் வீர சந்தானம் தம்பி மகனாக நடித்திருக்கிறார். யாரும் அவரைத் துரத்தவில்லை. ஆனாலும் அவர் முதியோர் இல்லத்துக்குப் போய்விடுகிறார். இதை அப்பாவுடன் உட்கார்ந்து பார்க்க எங்களுக்குத் துணிவு வரவில்லை. கட்டுமானம் நடக்கும் இரண்டு ஆண்டுகள் வேறு வீட்டில் வாடகைக்கு இருக்க வேண்டும்; மாடிப்படி, கழிப்பறை, அவரது மருத்துவர் என்று ஏற்கெனவே நாங்கள் இருவரும் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்த நேரம். ஆகவே அவர் படுத்த பிறகு, ஒலியைக் குறைத்து வைத்துப் பார்த்தோம். அர்ச்சனாவின் பாத்திரத்தைக் குற்றவாளியாக்காமல் பாலு மகேந்திரா எழுதியிருக்கும் நியாயத்தை வியந்தோம். வீட்டு வேலை, குழந்தை, போதாத சம்பளம் எல்லாம் அவள் பக்கமும் பேசுகின்றன. முடிந்ததும் வெகுநேரம் விளக்கைப் போடவில்லை.

காலையில் காபி குடித்துக்கொண்டே அப்பா, "ராத்திரி பாகவதர் படமா?" என்றார்.

ஆமாம் என்றோம்.

"வந்த காலத்துலேயே பாத்திருக்கேன். நல்ல படம். சொல்லியிருந்தா நானும் உக்காந்திருப்பேனே" என்றவர், சற்றுக் கழித்து ஒப்பந்த வரைவை எடுத்து வரச்சொன்னார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பதினான்கு பக்கங்களையும் படித்தார். பிறகு, கட்டி முடிக்கும்வரை அவர் எங்கே இருப்பார் என்பது இதில் எங்கே எழுதியிருக்கிறது என்று கேட்டார். ஒன்பதாம் பக்கத்தில் மாத வாடகைத் தொகை இருந்தது. தரைத்தளம் என்றோ செம்பாக்கத்துக்குள் என்றோ எதுவும் இல்லை. அதையும், அத்துடன் மூன்றாவது படியின் உயரத்தையும் எழுதிச் சேர்க்கும்படி வரைவை வழக்கறிஞருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம்.