கோப்புக்குப் பின்னால் ஒரு மனிதர்

"கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும்" என்பது யாழ்ப்பாணத்துப் பழமொழி. ஆங்கிலேயர் ஆட்சியில் இலிகிதர் உத்தியோகம் தேடிக் கொழும்புக்கும் மலாயாவுக்கும் புறப்பட்ட ஒரு சமூகத்தின் மனப்பான்மை அதிலே முழுமையாக அடங்கியிருக்கிறது. மேசை, நாற்காலி, மாதச் சம்பளம், ஓய்வூதியம் யாவற்றையும் அச்சமூகம் கணக்கிட்டது. மேசைக்கு முன்னால் வந்து நின்ற மனிதரை மட்டும் அது கணக்கிலெடுக்கவில்லை. அந்த மனப்பான்மை இன்றும் உயிரோடிருப்பதை ஆசிரியராகிய நாம் நாளாந்தம் காண்கிறோம்.

கொக்குவிலில் எம்மிடம் உயர்தர வகுப்பில் தமிழ் பயின்ற மாணவி ஒருத்தி, பட்டம் பெற்று அரசாங்க நியமனத்துக்காகக் காத்திருந்தாள். அவ்வேளையில் முதியோர் இல்லமொன்றில் அத்தியட்சகருக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. வீட்டார் முகஞ் சுளித்தனர். "வயசுபோன ஆக்களின்ரை கணக்கு எழுதவோ சேர் நான் கம்பசுக்குப் போனனான்?" என்று எம்மிடம் வந்து கேட்டாள். "முதலில் போய்ப் பார் பிள்ளை" என்றோம். ஆறு மாதங்களின் பின் அவளைக் காண அங்கே சென்றோம்.

அவளுடைய வேலை கடிதம் எழுதுவதும் கோப்புகளை ஒழுங்குபடுத்துவதும் தொலைபேசிக்குப் பதில் சொல்வதுமே. ஆனால் அந்தக் கோப்புகளில் இருப்பவை யாவை? ஓய்வூதியம் பெறுபவர் தாம் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் சான்றிதழ் கொடுத்து நிரூபிக்கவேண்டும். அத்தாள் பிந்தினால் பணம் தடைப்படும். இடப்பெயர்வில் அடையாள அட்டையைத் தொலைத்தவருக்குக் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் அலைய ஒருவர் வேண்டும். போதனா வைத்தியசாலையில் யாருக்கு எந்நாளில் கிளினிக் என்பதை ஒருவர் நினைவில் வைத்திருக்கவேண்டும். கனடாவிலிருந்து மகன் எடுக்கும் அழைப்பு, தாய் உறங்கும் நேரத்தில் வராதவாறு அவனுக்கு நேரங் குறித்துக் கொடுக்கவேண்டும். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் உணவு கொடுக்க வருவோர் படமெடுக்க விரும்பினால், முதலில் முதியவர்களின் சம்மதத்தைக் கேட்கவேண்டும். இவை ஒவ்வொன்றும் ஒரு மனிதரின் மானத்தோடு தொடர்புடைய காரியங்கள்.

அங்கே எவரோடும் பேசாத முதியவர் ஒருவர் இருந்தார். அவருடைய கோப்பில் 'தொழில்: கூலி' என்று மட்டுமே எழுதியிருந்தது. "என்ன வேலை செய்தனீங்கள் அப்பு?" என்று அவள் ஒருநாள் அருகில் அமர்ந்து கேட்டாள். "சுருட்டுச் சுத்தினனான் பிள்ளை" என்றார். கொக்குவிற் சுருட்டுக் கொட்டில்களில் ஒருவர் பத்திரிகையை உரத்து வாசிக்க, ஏனையோர் கேட்டபடியே சுருட்டுச் சுற்றுவர். உலகப் போரையும் தேர்தலையும் வேலைநிறுத்தத்தையும் எமது தொழிலாளர் அறிந்தது அவ்வாறுதான். மறுநாள் தொடக்கம் காலை பத்து மணிக்குக் கூடத்தில் அவள் பத்திரிகை வாசிக்கத் தொடங்கினாள். பேசாதிருந்த அப்பு இப்போது தலையங்கத்தோடு வாதாடுகிறார். கோப்பிலே 'கூலி' என்ற சொல்லை வெட்டிச் 'சுருட்டுத் தொழிலாளி' என்று அவள் திருத்தியிருந்ததையும் நாம் பார்த்தோம்.

இத்தகைய முதியவர்கள் எங்கிருந்து வருகின்றனர்? 1958 இல் ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. ஆயினும் பதிவேட்டில் பெயரின்றித் துண்டுக்கூலிக்கு உழைத்தவரின் முதுமைக்கு அதனாற் பயனில்லை. 1983 இன் பின் போரும் புலம்பெயர்வும் எத்தனையோ வீடுகளிலிருந்து பிள்ளைகளைப் பிரித்தன. 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கை மக்களில் 12.4 வீதத்தினர் 60 வயதைக் கடந்தவர்கள். அத்தொகை மேலும் பெருகிவருகிறது. கைதடியில் அரச முதியோர் இல்லம் உண்டு. தனியார் இல்லங்களும் உள. 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கவே இயற்றப்பட்டது. ஆகவே அவர்கள் பெறுவது பிச்சையன்று, உரிமை. அவ்வுரிமை கைக்கு வந்து சேர்வது ஒரு விண்ணப்பத்தாளின் வழியாகவே. அத்தாளை நிரப்புபவர் கல்மனங் கொண்டவராயின் சட்டம் ஏட்டோடு நின்றுவிடும்.

இந்த உண்மை எமது ஊருக்கு மட்டும் உரியதன்று. இலண்டனில் சிசிலி சோண்டேர்ஸ் என்னும் பெண், தாதியாகப் பயின்றபின், 1940களின் பிற்பகுதியில் வைத்தியசாலையிற் சமூகநல அலுவலராகப் பணியாற்றினார். நோயாளரின் குடும்ப நிலையையும் வருவாயையும் விசாரிப்பது அப்பணி. அவ்வாறு சந்தித்த போலந்து நாட்டு யூத அகதி ஒருவர், சாகும் தறுவாயில், 500 பவுண் பணத்தை அவரிடம் விட்டுச் சென்றார். பின்னர் மருத்துவமும் கற்ற சோண்டேர்ஸ், இறுதிக்கால நோயாளருக்கென 1967 இல் சென்ற் கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்தார். விசாரணை மேசையிலிருந்து கேட்ட ஒரு காது உலகத்துக்குப் புதிய வழியொன்றைக் காட்டியது.

ஆனால் ஓர் எச்சரிக்கையும் அவசியம். 'சேவை' என்ற இனிய சொல்லைக் காட்டி இவர்களின் ஊதியத்தைக் குறைப்பதும் சுரண்டலே. எம் மாணவிக்கு இன்னும் நிரந்தர நியமனமில்லை. விடுமுறை நாட்களிலும் தொலைபேசி அழைக்கிறது. முதியோரை மனிதராக நடத்தவேண்டுமாயின், அவர்களுக்காக உழைப்போரையும் மனிதராக நடத்தவேண்டும். முறையான பயிற்சி, நியாயமான சம்பளம், பதவியுயர்வு ஆகிய மூன்றும் இத்தொழிலுக்கு வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, மருத்துவமும் பொறியியலும் மட்டுமே வாழ்வென்று வகுப்பறையில் நாம் இனியும் போதிக்கலாகாது. ஒரு முதியவரின் பெயரைப் பிழையின்றி எழுதி, அவருடைய உரிமையைப் பெற்றுக்கொடுக்கும் உத்தியோகமும் படித்தவர்க்குரிய உத்தியோகமே. இதனை மாணவருக்கும் பெற்றோருக்கும் எடுத்துச் சொல்வோம். அவ்வேலைக்குரிய ஊதியத்தைக் கேட்டுக் குரலெழுப்பவும் அவர்களோடு நிற்போம்.