மூணாவது பின்

எங்க வீட்டு ஆம்ப்ளிஃபயரைப் போட்டா பாட்டுக்கு அடியில 'உம்'முனு ஒரு இரைச்சல் வரும். நம்ம கரண்ட் 230 வோல்ட், வினாடிக்கு 50 சுற்று. அதோட சத்தம்தான் அது. ஒருநாள் ஈரக்கையோட பெட்டியைத் தொட்ட தம்பியை ஷாக் தூக்கிப் போட்டது.

மோட்டார் ஓடுற நேரம் கரண்ட் குறையுதுன்னு அப்பா ஏற்கெனவே ஸ்டெபிலைசர் வைத்திருந்தார். ஆனா அது செட்டைத்தான் காக்கும். ஆளைக் காப்பது எர்த்து. வயரிங் மாமா குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி எர்த்து கொடுத்தார். ஷாக் நின்றது, இரைச்சலும் குறைந்தது.

நண்பர்களே! மூணு பின் பிளக்கில் நீளமான, தடித்த பின்தான் எர்த்து. மாட்டும்போது முதலில் தொடுவதும் அதுதான். பெட்டியில் கசியும் கரண்டை மண்ணுக்கு அனுப்பும். அதை ஒடிச்சிட்டு மாட்டாதீங்க. சிவகிரி வெயிலில் மண் காய்ந்தால் எர்த்து சரியா வேலை செய்யாது. செடிக்கு ஊத்தும்போது அந்தக் குழிக்கும் ஒரு குடம் ஊத்துங்க!

– 9-ஆம் வகுப்பு மாணவி