கெல்லி கோட்டைக்குப் போன மந்திர நகரம்

என் அக்கா மகன் ஓர் உலகத்தைப் படைத்துக்கொண்டிருக்கிறான். கணினி விளையாட்டு வடிவமைப்பு படிக்கும் அவனுக்கு அதுதான் கடைசிப் பருவத்து வேலை. மந்திர சக்தியால் இயங்கும் ஒரு நகரம். வானத்தில் ஓடும் ரயில், யாரும் ஏற்றாமலே எரியும் தெருவிளக்கு, நினைத்த மாடியில் போய் நிற்கும் லிப்ட். நம் காலத்தைவிடப் பல நூறு ஆண்டுகள் முன்னேறிய சமுதாயம்.

"சித்தி, அறிமுகத்துக்கு உங்க குரல் வேணும்" என்று வந்து நின்றான். வானொலியில் வேலை செய்பவரிடம் சொந்தக்காரர்கள் இலவசமாகக் கேட்கக்கூடியது வேறென்ன இருக்கிறது?

வசனத்தை வாசித்துப் பார்த்தேன். நன்றாகவே எழுதியிருந்தான். ஒரே ஒரு சந்தேகம்தான்.

"இந்த மந்திர சக்தி எங்கிருந்துடா வருது?"

"மண்ணுக்கு அடியில ஒரு கல் இருக்கு சித்தி. அதுலேர்ந்து."

"அந்தக் கல்லை யாரு தோண்டி எடுக்கிறா?"

தலையைச் சொறிந்தான். "அதை இன்னும் யோசிக்கல."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அவனை மட்டுமல்ல, எண்பதைத் தாண்டிய என் பாட்டியையும் காரில் ஏற்றிக்கொண்டேன். புந்தோங்கில் நிறுத்தி ஆளுக்கொரு பொட்டலம் கச்சாங் பூத்தே வாங்கினோம். பல் இல்லாத பாட்டிக்கு முறுக்கு வாசனையே போதுமாம். ஈப்போவிலிருந்து அரை மணி நேரத்தில் பத்து காஜா. அங்கிருந்து கோப்பெங் போகும் சாலையில் சிறிது தூரம் போனால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேட்டின் மேல் செம்மண் நிறத்தில் எழுந்து நிற்கிறது கெல்லி கோட்டை.

வில்லியம் கெல்லி ஸ்மித் ஸ்காட்லாந்துக்காரர். 1890இல், 20 வயதில் மலாயாவுக்கு வந்தார். காடு அழித்து ரப்பர் நட்டார், ஈயத்திலும் பணம் பார்த்தார். இருந்த வீடு போதாதென்று 1915இல் இந்த மாளிகையைத் தொடங்கினார். மதராஸிலிருந்து சுமார் 70 கட்டடத் தொழிலாளர்களை வரவழைத்தார். செங்கல்லும் சலவைக் கல்லும் இந்தியாவிலிருந்து கப்பலில் வந்தன. வீட்டுக்குள்ளேயே டென்னிஸ் ஆட இடம், மொட்டை மாடியில் விருந்து, உயர்ந்த கோபுரம், அந்தக் கோபுரத்துக்குள் ஒரு லிப்ட். வந்திருந்தால் மலாயாவின் முதல் லிப்ட் அதுவாக இருந்திருக்கும் என்கிறார்கள்.

லிப்ட் வரவில்லை. 1926இல் லிஸ்பன் நகரில் நிமோனியா கண்டு ஸ்மித் இறந்துபோனார். அவர் மனைவி ஆக்னஸ் சொத்தை விற்றுவிட்டு ஊர் திரும்பினார். மாளிகை பாதியிலேயே நின்றது. லிப்டுக்காக விட்ட குழி மட்டும் இன்றும் இருக்கிறது. அதன் ஓரத்தில் நின்று மேலும் கீழும் பார்த்த நம் ஆள், "என் நகரம் மாதிரியே இருக்கு சித்தி" என்றான். வருகிற பயணிகள் பெரும்பாலும் பேய்க் கதைதான் கேட்கிறார்கள். அவன் படம் எடுத்ததெல்லாம் அந்த வெறும் குழியை.

பாட்டி படியேறவில்லை. கீழே நிழலில் உட்கார்ந்து, பெயர்ந்த சுவரில் தெரிந்த செங்கல்லைத் தடவிக்கொண்டிருந்தார். "நம்ம ஊர்க்காரன் கை" என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

கோட்டையிலிருந்து காரில் சில நிமிடத் தொலைவில் மகா மாரியம்மன் கோயில் இருக்கிறது. முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் உலகத்தையே உலுக்கிய ஸ்பானிஷ் காய்ச்சல் இந்தத் தோட்டத்தையும் விடவில்லை. மாளிகை கட்ட வந்தவர்களும் தோட்டத்தில் வேலை செய்தவர்களும் வரிசையாகச் செத்தார்கள். மருந்து இல்லாத நோய் அது. நம்மவர்கள் துரையிடம் போய், ஆத்தாளுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று கேட்டார்கள். அவரும் சம்மதித்துக் கட்டிக் கொடுத்தார். நன்றிக்காக அவர் உருவத்தையும் கோயிலின் மேலே சாமிகளோடு சேர்த்து வைத்தார்கள். வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக நிற்கும் அவரைத் தேடிக் கண்டுபிடித்ததும், "நிஜமாவா!" என்று கத்திவிட்டான் பையன்.

அங்கே அவனுக்கு ஒன்றைச் சொன்னேன். இந்த மண்ணில் தொழில்நுட்பமும் மந்திரமும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் குடியிருந்தன. மலாயாவின் முதல் ரயில் 1885இல் ஓடியது இதே பேராக்கில், தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே. தஞ்சோங் துவாலாங்கில் நிற்கும் ஈயக் கப்பல் 1938இல் கட்டியது. எடை சுமார் 4,500 டன். அப்படிப்பட்ட இயந்திரங்கள் ஓடிய காலத்திலேதான் ஒவ்வொரு தோட்டத்து எல்லையிலும் முனியாண்டி காவல் நின்றார். இயந்திரம் துரைக்குச் சொந்தம். தொழிலாளிக்குச் சொந்தமாக இருந்தது அந்தச் சாமி மட்டும்தான்.

மூன்றாவதாகப் போனது எந்தப் பயணக் கையேட்டிலும் இல்லாத இடம். பாட்டி பால்மரம் சீவிய தோட்டம். லயத்து வீடுகள் இல்லை, பால் ஸ்டோர் இல்லை, புகைக்கூண்டு இல்லை. எங்கு பார்த்தாலும் செம்பனை. பழைய முச்சந்தியில் முனியாண்டி மேடை மட்டும், அதன்மேல் யாரோ வைத்த எலுமிச்சம்பழத்தோடு இருந்தது. தனியாக முளைத்து நின்ற ஒரு கித்தா மரத்தைப் பாட்டிதான் கண்டுபிடித்தார்.

பிரேசில் நாட்டு விதை 1876இல் லண்டன் போய், மறு ஆண்டு கன்றாக இந்தப் பக்கம் வந்தது. அன்று கோலகங்சாரில் நட்டவற்றில் ஒரு மரம் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே இன்றும் நிற்கிறது. காற்றடைத்த டயரும் மோட்டார் காரும் வந்தபின் உலகமே அந்தப் பாலுக்கு அலைந்தது. அந்தப் பாலை இறக்கியவர்களில் ஒருவர் இதோ, ஊன்றுகோலோடு என் முன்னால் நிற்கிறார்.

பாட்டி மரத்தைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு, உளி பிடித்ததுபோல் விரலை மடக்கி, பட்டையில் இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். கை நடுங்கவில்லை.

"ஆழமா விட்டா மரம் புண்ணாயிடும். மேலாக விட்டா பால் வராது. காசு கனம்கூட இருக்காது அந்த இடைவெளி. இருட்டுலயே ஆரம்பிக்கணும். வெயில் ஏறுனா பால் நின்னுடும். வயித்துல உங்க பாட்டி இருக்கும்போதும் பெரட்டுக்குப் போனேன்யா."

பையன் அதுவரை கைப்பேசியில்தான் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தான். அதை நிறுத்திவிட்டு அவர் விரலையே பார்த்தான். இருபது வருடமாக ஒரே குடும்பத்தில் இருந்தும் அவன் இதைக் கேட்டதில்லை. உண்மையைச் சொன்னால் நானும் கேட்டதில்லை. யார் யாரையோ பேட்டி கண்டிருக்கிறேன். வீட்டுக்குள் இருந்தவரின் முன்னால் ஒருமுறைகூட ஒலிவாங்கியை வைத்ததில்லை.

திரும்பும் வழியில் பாட்டிக்குத் தன் நகரத்தைப் படம் காட்டி விளக்கினான். வானத்து ரயில், விளக்குகள், லிப்ட் எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். கடைசியில் கேட்டார்:

"ரொம்ப நல்லாருக்குய்யா. இதுல நாங்க எங்க இருக்கோம்?"

கார் புந்தோங்கைத் தாண்டும்வரை அவன் வாயே திறக்கவில்லை.

போன வாரம் புதிய வசனம் அனுப்பினான். நகரம் அப்படியே இருக்கிறது. ஆனால் கதை இப்போது விடியாத இருட்டில், கல் எடுக்கக் கிளம்பும் ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. ஒரு மந்திரத்துக்கு ஒரு மூச்சு குறையும் என்று விதி வைத்திருக்கிறான். அறிமுகக் குரல் நான் இல்லை. பாட்டியைக் கேட்டிருக்கிறானாம். அவரும் சம்மதித்துவிட்டார். ஒலிப்பதிவு மட்டும் என் பொறுப்பு.

பேராக் பக்கம் போகிறவர்கள் கெல்லி கோட்டையோடு திரும்பிவிடாதீர்கள். அந்தக் கோயிலுக்கும் போங்கள். வெயில் ஏறுமுன் கிளம்பினால் நல்லது. வீட்டில் தோட்டத்தில் வேலை செய்த பெரியவர் இருந்தால், காரின் முன் இருக்கையை அவருக்குக் கொடுங்கள்.