கோர்வைக்கு ஆள் யாரு?

பெரிய காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். ராத்திரி எட்டு மணி. தறிச் சத்தம் நின்றுவிட்டது. வீட்டிலும் யாரும் யாரோடும் பேசவில்லை.

காரணம், ஒரகடம் கம்பெனி ஒன்றில் அந்த வீட்டு மருமகளுக்குக் கிடைத்த வேலை. தெருமுனைக்கே பஸ் வரும். பி.எஃப். உண்டு. ஆனால், தறியில் இருப்பது கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு இழையையும் கோத்துக்கொண்டே போக, பக்கத்தில் இன்னொருவர் வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அந்த இடத்தில் உட்காருவது அவர்தான். காதல் கல்யாணம் வேறு!

"நீ போயிட்டா நான் யாரை வெச்சு நெய்யறது?" என்று கேட்ட கணவர், அதோடு வாயை மூடிக்கொண்டார்.

விஸ்காம் படிக்கும் நாத்தனார்தான் மௌனத்தைக் கலைத்தாள். "அண்ணி, 1927-ல வந்த ஒரு ஊமைப்படக் கதை சொல்லட்டா?"

"அதான் இங்கேயே ஓடுதே" என்றார் மாமியார்.

படம், 'குணசுந்தரி'. பம்பாயில் சந்துலால் ஷா எடுத்தது. நாயகன், நம்ம புதுக்கோட்டை ராஜா சாண்டோ. பின்னாளில் தமிழில் 'மேனகா'வை (1935) இயக்கினாரே, அவரேதான். கதையில், தொழில் கவலையோடு வீடு திரும்பும் கணவனுக்குக் காது கொடுக்க மனைவிக்கு நேரமில்லை. அவளுக்கு வீட்டுக் கவலை. அவன் நாட்டியக்காரியைத் தேடிப் போகிறான். மனைவியாக நடித்த கோஹர் அழுது மூலையில் உட்காரவில்லை. வாசல்படி தாண்டி வெளியுலகத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

"புருஷனைத் திரும்பப் பிடிக்கத்தானே வெளியே போறா?" என்றார் அண்ணி. "எனக்கு அப்படி இல்லையே. கடனை அடைக்கணும்."

நியாயமான கேள்வி. அந்தப் படம் பாதி தூரம்தான் போனது. மீதியை கோஹர் தன் வாழ்க்கையில் நடந்து முடித்தார். 1929-ல் சந்துலால் ஷாவோடு சேர்ந்து ரஞ்சித் ஸ்டுடியோவைத் தொடங்கி, அதன் பங்குதாரர் ஆனார். காதலும் அவரோடுதான், தொழிலும் அவரோடுதான்.

கணவர் தங்கையைப் பார்த்தார். "அப்போ நீ கோர்வைக்கு உட்காரு."

"எனக்கு காலேஜ் இருக்குண்ணா!"

மாமியாரே சிரித்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "பஸ் எத்தனை மணிக்கு?" என்று கேட்டார் கணவர்.

"அஞ்சரைக்குங்க."

தறியில் பாதிச் சேலை இருக்கிறது. அதை முடித்துக் கொடுத்துவிட்டு வேலைக்குச் சேருவதா, திங்கட்கிழமையே சேருவதா என்பதுதான் இப்போது அந்த வீட்டில் பேச்சு.