பெருங்காமநல்லூருக்கு ஒரு பகல்: துயர நினைவிடப் பயணத்தைத் திட்டமிடுதல்

தேனி மாவட்டத்தில் நினைவிடம் என்ற சொல் பெரும்பாலும் நன்றியோடு சேர்ந்தே ஒலிக்கிறது. 1895இல் முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக்குக்கு லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறக்கப்பட்டது. அவர் பிறந்த ஜனவரி 15 அன்று கம்பம் பள்ளத்தாக்கின் உழவர்கள் பொங்கல் வைத்து அவரை நினைக்கிறார்கள். அத்தகைய இடத்துக்கு ஒரு குழுவை அழைத்துச் செல்வதற்கு வண்டியும் மதியச் சாப்பாடும் போதும். ஆனால் அதே பள்ளத்தாக்கிலிருந்து கிழக்கே, ஆண்டிபட்டிக் கணவாயைக் கடந்து, உசிலம்பட்டி வழியாகப் பெருங்காமநல்லூருக்குச் செல்லும் பயணம் வேறு வகைப்பட்டது. அதைத் திட்டமிடுவோர் முதலில் கற்க வேண்டியது எதைச் சேர்ப்பது என்பதை அல்ல, எதை விடுவது என்பதையே.

பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று, குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் ரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மக்கள்மீது போலீசார் துப்பாக்கிச் சூடு நடத்தினர். இறந்தோர் 16 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அவர்களுள் ஒருவர், காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கச் சென்ற மாயக்காள். ஊரில் இன்று அவர்களுக்கான நினைவுத் தூண் நிற்கிறது. தூணைப் பார்த்து முடிக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது என்பதே வழிகாட்டிக்கு வரும் முதல் சோதனை, ஏனெனில் கண்ணுக்குத் தெரிவது குறைவாக உள்ள இடத்தில் கதையைக் கூட்டிச் சொல்லும் ஆசை தானாகவே எழும். குரலை உயர்த்தியும் குண்டடி பட்டதை நடித்துக் காட்டியும் ஈடுகட்ட முயலும்போது, கேட்போரின் பார்வை இறந்தவர்களிடமிருந்து பேசுபவரிடம் திரும்பிவிடுகிறது.

எனவே சொல்ல வேண்டியவற்றில் பெரும்பகுதியை வண்டியிலேயே சொல்லி முடிப்பது நல்லது. தேனியிலிருந்து உசிலம்பட்டி ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஆண்டிபட்டியைத் தாண்டிய பின் கிடைக்கும் அரை மணி நேரம் சட்டத்தை விளக்கப் போதுமானது. 1871இல் வட இந்தியாவுக்கென இயற்றப்பட்டு, 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட அச்சட்டம், ஒருவர் செய்த குற்றத்தைப் பார்க்காமல் அவர் பிறந்த குலத்தைப் பார்த்து அவரைப் பதிவேட்டில் ஏற்றியது. பதிவேட்டில் ஏறியவர் விரல் ரேகை தர வேண்டும், இரவில் போலீஸ் கச்சேரியிலோ சாவடியிலோ ஆஜராக வேண்டும், ஊர் எல்லையைத் தாண்டினால் ராதாரிச் சீட்டு எனப்படும் அனுமதிச் சீட்டை வைத்திருக்க வேண்டும். மாணவர் குழுவாயின் இந்த விளக்கத்தைத் தொடங்கத் தனி உத்தி எதுவும் தேவையில்லை. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் என்ற பெயர்ப்பலகையை அவர்கள் நாள்தோறும் கடந்து போகிறார்கள். சீரமைப்பு என்ற சொல் அங்கே ஏன் வந்தது என்ற ஒரு கேள்வியே வண்டியை அமைதியாக்கிவிடும்.

பெருங்காமநல்லூரைத் தென்னாட்டு ஜாலியன்வாலாபாக் என்று அழைக்கும் வழக்கம் உண்டு. 1919 ஏப்ரல் 13இன் அமிர்தசரஸை எல்லோரும் அறிவர் என்பதால் அந்த ஒப்புமை உடனே புரிகிறது. ஆயினும் அங்கே சுடப்பட்டது கூட்டம் கூடியதற்காக, இங்கே சுடப்பட்டது பதிவேட்டில் ஏற மறுத்ததற்காக என்ற வேறுபாட்டை அது மறைத்துவிடுகிறது. பதிவேடு என்ற நோக்கில் பார்த்தால் வேறொரு ஒப்புமை பொருத்தமாகத் தோன்றுகிறது. நாஜி ஜெர்மனி யூதரை அவர்களின் பாட்டன் பாட்டிமாரை வைத்து 1935இல் சட்டத்தால் வரையறுத்தது. ரோமா, சிந்தி என்னும் நாடோடி இனத்தவரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதி, அவர்கள் அனைவரையும் பதிவு செய்ய 1938 டிசம்பரில் ஆணையிட்டது. பின்னர் அங்கே நிகழ்ந்த இனப்படுகொலையின் அளவோடு பெருங்காமநல்லூரை நிறுத்திப் பார்ப்பது இரு தரப்பினருக்கும் செய்யும் அநீதி. ஒப்பிடத்தக்கது பிறப்பைக் குற்றமாக்கிய அந்த ஏடு மட்டுமே.

பயணம் நடத்தும் முறையிலும் இரண்டு இடங்களும் வேறு. நாஜிகளின் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் 1947 முதல் அருங்காட்சியகம். அங்கே பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் உண்டு, 14 வயதுக்கு உட்பட்டோரை அழைத்துவர வேண்டாம் என்ற அறிவுரையும் உண்டு. பெருங்காமநல்லூரோ மக்கள் குடியிருக்கும் ஊர்; இறந்தோரின் வழிவந்தோர் அங்கே வாழ்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லாமல் பேருந்தைக் கொண்டுபோய் மந்தையில் நிறுத்துவது, துக்க வீட்டுக்குள் செருப்புக் காலோடு நுழைவதற்குச் சமம். தூணின் முன் சிரித்துக்கொண்டு செல்பி எடுப்பதைத் தடுக்க அறிவிப்புப் பலகையை நம்பக் கூடாது. வண்டியை விட்டு இறங்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். போனதும் சற்று நேரம் பேச்சின்றி நிற்பதும், பிறகு இறந்தோர் பெயர்களை உரக்க வாசிப்பதும் போதும். வாசிப்பவர் வழிகாட்டியாக இல்லாமல் குழுவில் ஒருவராக இருந்தால் இன்னும் நன்று.

இப்பணியின் கடினமான பகுதி சாதி. குழுவில் பல சாதியினர் இருப்பர். ஒருவருக்கு அந்தத் தூண் பெருமையாகவும் மற்றொருவருக்கு அந்நியமாகவும் தோன்றக்கூடும். இதைப் பேசாமல் தாண்டிச் செல்வது கோழைத்தனம் என்றே சொல்ல வேண்டும். அச்சட்டம் குறவர் உள்ளிட்ட வேறு பல சமூகங்களையும் பிடித்தது என்பதையும், பிரமலைக் கள்ளர் மக்களுக்காக வாதாடி, அவர்களால் ரோசாப்பூ துரை என்று அன்போடு அழைக்கப்பட்ட ஜார்ஜ் ஜோசப் மதுரையில் வழக்குரைஞராக இருந்த மலையாளக் கிறித்தவர் என்பதையும், முத்துராமலிங்கத் தேவரும் பொதுவுடைமையாளரான பி. ராமமூர்த்தியும் அச்சட்டத்தை எதிர்த்தனர் என்பதையும் சேர்த்துச் சொன்னால், தூண் ஒரு சாதியின் சொத்தாகச் சுருங்காது. சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது 1947இல். அதாவது துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் 27 ஆண்டுகள் அது உயிரோடு இருந்தது. கேட்போரைச் சாவுக் கணக்கைவிட அதிகமாகத் தைப்பது பல நேரங்களில் இந்த 27தான்.

திரும்பும் வழியில் வைகை அணைப் பூங்காவையும் பார்த்துவிடலாமே என்று யாராவது கேட்பர். கேட்பவர்மீது பிழையில்லை, ஏற்பவர்மீதுதான் பிழை. அணைக்கு வேறொரு நாள் போய்க்கொள்ளலாம். ஆண்டு நினைவு நாளான ஏப்ரல் 3இல் கூட்டமும் மாலைகளும் மிகுந்திருக்கும் என்பதால், கற்கச் செல்லும் குழு வேறொரு சாதாரண நாளைத் தேர்வது நலம். கோடையாயின் காலையிலேயே போய்விட வேண்டும், குடிநீரையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். நண்பகலுக்கு முன் ஊரைவிட்டுக் கிளம்பினால் பிற்பகலில் தேனி வந்துவிடலாம். கம்பத்துக்குப் போவோருக்கு அங்கிருந்து இன்னும் 40 கிலோமீட்டர் இருக்கிறது.