வலை சரிசெய்பவரிடம் கற்ற பாடம்



மார்க்கக் கல்வியைக் கற்பிப்பவனுக்கு ஓர் ஆபத்து உண்டு. பிறருக்கு எடுத்துச் சொல்லிச் சொல்லியே, அது தனக்கும் உரியது என்பதை அவன் மறந்துவிடுகிறான். இருபது ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுத்துவரும் எனக்கும் அது நேர்ந்தது. அதை எனக்கு உணர்த்தியவர் ஓர் ஆலிம் அல்லர். எங்கள் தெருக்கோடியில் அமர்ந்து மீன்வலை சரிசெய்யும் கிறிஸ்தவப் பெரியவர் ஒருவர்.

2025ஆம் ஆண்டின் ரமளான் நம் பகுதியில் மார்ச் 2ஆம் நாள் தொடங்கியது. மூன்று நாள் கழித்து, மார்ச் 5 அன்று, சாம்பல் புதனுடன் கத்தோலிக்கரின் தவக்காலம் தொடங்கியது. கடற்கரையூரான எங்கள் ஊரில் பள்ளிவாசலும் மாதா கோவிலும் கூப்பிடு தொலைவில் உள்ளவை. நாங்கள் ஸஹருக்கு எழும் நேரத்தில் அவர்கள் கடலுக்குப் புறப்பட்டுக்கொண்டிருப்பார்கள். அவ்வாண்டு இரு தெருக்களும் ஒரே காலத்தில் நோன்பின் அமைதியில் இருந்தன.

ரமளானில் எங்கள் மக்தப் அஸருக்கு முன் ஒரு மணி நேரம் மட்டுமே நடைபெறும். ஒருநாள் பதினொரு வயது மாணவன் ஒருவன் ‘அபஸ’ அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தான். 33ஆம் வசனத்தில் வரும் ‘ஸாக்கா’ என்னும் சொல்லில் அவன் நா தடுமாறியது. தொண்டையின் மேற்பகுதியிலிருந்து பிறக்க வேண்டிய எழுத்து அவனுக்குப் பிறக்கவில்லை. மூன்று முறை திருத்தினேன். நான்காம் முறையும் தவறியபோது என் முகம் கடுத்தது. “உனக்கு ஓதல் வராது. நாளை முதல் உன் மாமாவின் கடையில் போய் நில்” என்று கூறிவிட்டு, அடுத்த மாணவன் பக்கம் திரும்பிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் குர்ஆனை மூடி முத்தமிட்டுவிட்டு, தலைகுனிந்து அமர்ந்திருந்தான்.

மறுநாள் அவன் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. காய்ச்சல் என்று அவன் தாயார் சொல்லியனுப்பினார். அது காய்ச்சல் அன்று என்பதை நான் அறிவேன். ஆயினும், கண்டிப்பில்லாமல் கல்வி வராது, நோன்பின் களைப்பில் ஒரு சொல் கூடுதலாக வந்துவிட்டது, பிள்ளைகள் இரண்டு நாளில் மறந்துவிடுவார்கள் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்நாள்களிலும் நான் நோன்பு நோற்றேன், தராவீஹ் தொழுதேன், ஜமாஅத்தாருக்கு நோன்பின் சிறப்பைப் பற்றி உரையும் நிகழ்த்தினேன்.

ஐந்தாம் நாள் மக்தப் முடிந்து வரும் வழியில், பூவரச மரத்தடியில் அந்தப் பெரியவர் வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசல் ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்தார். நான் அவரை ‘அண்ணாச்சி’ என்றழைப்பது வழக்கம். அவர் கிழிசலைச் சுற்றியிருந்த நூலைக் கத்தியால் வெட்டி, துளையை இன்னும் பெரிதாக்கினார். எனக்கு வியப்பாக இருந்தது.

“தைக்க வேண்டியதை வெட்டுகிறீர்களே, அண்ணாச்சி?”

“வெட்டாமல் கட்டினால் நிற்காது, பாய். நைந்த நூலில் முடிச்சுப் போட்டால் அடுத்த இழுப்பிலேயே போய்விடும். நல்ல நூல் வரும்வரை வெட்டிவிட்டுத்தான் கட்ட வேண்டும்.”

தவக்காலம் எப்படிப் போகிறது என்று கேட்டேன். கறியை விட்டுவிட்டதாகச் சொன்னார். சற்றுப் பேசாதிருந்தார். பின்பு, முந்திய நாள் தாம் ஒருவரது வீட்டுக்குப் போய்வந்த செய்தியைச் சொன்னார். சில மாதங்களுக்கு முன் கயிறு ஒன்று காணாமற்போக, உடன் தொழிலுக்கு வரும் இளைஞன் ஒருவனை நாலு பேர் முன்னிலையில் கள்வன் என்று சொல்லிவிட்டாராம். கயிறு பிறகு அவர் வீட்டுப் பரணிலேயே கிடைத்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது கோவிலில் முழங்காலிடும்போதெல்லாம் அவன் முகமே முன்னால் வந்ததாம். காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனின் மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனோடு சமாதானமாக வேண்டும் என்பது இயேசுவின் போதனை என்றார்.

“அவன் உங்கள் மகன் வயதினன் ஆயிற்றே?”

“தப்பு செய்தது நான்தானே, பாய்” என்று சொல்லிவிட்டு ஊசியைக் கண்ணிக்குள் விட்டார்.

நான் ஒன்றும் பேசாமல் வீட்டுக்கு வந்தேன். ஈஸா (அலை) அவர்களைக் குறித்த நம்பிக்கையில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள வேறுபாடு தெளிவானது. அதில் எனக்கு எந்த மயக்கமும் இல்லை. ஆனால் அப்பெரியவர் சொன்ன செய்தி எனக்குப் புதியதன்று. அல்லாஹ்வுக்குரிய கடமையில் குறை வைத்தவன் அவனிடம் பாவமன்னிப்புக் கேட்கலாம். அடியானுக்குரிய உரிமையில், அதாவது ஹக்குல் இபாதில், குறை வைத்தவன் அந்த அடியானிடமே போய்த் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒருவரது மானத்திற்கு இழைத்த அநீதியை, பொற்காசும் வெள்ளிக்காசும் பயன்படாத நாள் வருமுன் இன்றே தீர்த்துக்கொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தி புகாரியில் உள்ளது. அநீதி இழைத்தவனின் நன்மைகள் எடுக்கப்பட்டு மற்றவருக்குக் கொடுக்கப்படும் என்பதும் அதில் உண்டு. இதை நான் எத்தனையோ முறை மேடையில் விளக்கியிருக்கிறேன்.

அன்றிரவு ‘அபஸ’ அத்தியாயத்தை விரித்தேன். அச்சொல்லின் பொருளே ‘முகம் கடுத்தார்’ என்பதுதான். கண்பார்வையற்ற அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் மார்க்கம் அறிய ஆவலோடு வந்தபோது, குறைஷித் தலைவர்களோடு பேசிக்கொண்டிருந்த நபி (ஸல்) அவர்கள் முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டதை அல்லாஹ் சுட்டிக்காட்டிய அத்தியாயம் அது. பார்வையற்ற அவரால் அந்தச் சுளிப்பைக் கண்டிருக்க முடியாது. ஆயினும் அது குர்ஆனில் இடம்பெற்றுவிட்டது. என் மாணவனோ என் முகத்தை நன்றாகவே கண்டான். எந்த அத்தியாயத்தை அவன் ஓதிக்கொண்டிருந்தானோ, அது தடுத்த செயலையே நான் செய்தேன். அவன் தடுமாறிய சொல்லும் மறுமை நாளின் பேரோசையைக் குறிப்பது. மனிதன் தன் சகோதரனையும் தாய் தந்தையரையும் விட்டு ஓடும் நாள் அதுவென்று அடுத்து வரும் வசனங்கள் கூறுகின்றன. அந்நாளில் இச்சிறுவன் என்னிடம் கணக்குக் கேட்டால், நான் எங்கே ஓடுவேன்?

கண்டிப்பு, களைப்பு, மறதி என்று நான் அடுக்கிய காரணங்கள் யாவும் நைந்த நூல்களே. அவற்றை வெட்டியெறிந்த பின்னரே நான் அவன் வீட்டுக்குப் போக முடிந்தது.

மறுநாள் அஸர் தொழுதுவிட்டுச் சென்றேன். அவன் தாயார் திரைக்குப் பின்னிருந்து, “ஹஜ்ரத் வந்திருக்காங்க” என்று அழைத்தார். அடி விழும் என்று எண்ணினானோ என்னவோ, கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வந்து நின்றான். “அன்று நான் பேசியது தவறு. என்னை மன்னித்துவிடு” என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. வாசற்படியையே பார்த்துக்கொண்டிருந்தான். நோன்புக் கஞ்சி வாங்கப் போகும் நேரமாயிற்று என்று சொல்லி, தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு என்னோடு பள்ளிவரை நடந்துவந்தான்.

இரண்டு நாள் கழித்துத்தான் மக்தபுக்கு வந்தான். மற்றப் பிள்ளைகள் முன்னிலையிலும் என் தவற்றைச் சொன்னேன்; அவர்கள் முன்னால்தானே அவனை இழிவுபடுத்தினேன்? சில நாள்கள் கடைசி வரிசையிலேயே அமர்ந்தான். ‘ஸாக்கா’ அவனுக்கு ஷவ்வால் மாதத்தில்தான் வந்தது.

அல்மாயிதா அத்தியாயத்தின் 82ஆம் வசனம் கிறிஸ்தவர்களை நம்மீது நேசத்தில் நெருக்கமானவர்களாகக் குறிப்பிட்டு, அவர்களுள் பெருமை பாராட்டாதவர்கள் இருப்பதை அதற்குக் காரணமாகச் சொல்கிறது. அவ்வசனத்திற்குப் பாடப்புத்தகத்தில் பொருள் படித்திருந்தேன். பூவரச மரத்தடியில்தான் அதைக் கண்ணால் கண்டேன்.

பத்து வயதில் பணிவிடைக்கு வந்த அனஸ் (ரலி) அவர்களைப் பத்தாண்டுகளில் ஒருமுறைகூட ‘சீ’ என்று சொல்லாத நபியின் உம்மத்தினர் நாம். நம் பிள்ளைகளிடமோ, மாணவரிடமோ, பணியாளரிடமோ நாம் தீர்க்க வேண்டிய கணக்கு ஏதும் இருந்தால், அடுத்த நோன்பு வரும்வரை அதைத் தள்ளிப்போட வேண்டாம். வல்ல ரஹ்மான் நம் உள்ளங்களிலிருந்து பெருமையை அகற்றி, இம்மையிலேயே கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நற்பேற்றை நல்குவானாக! ஆமீன்.